கிளென் ஈடனில் சுவீடன் தேர்தல்

சுவீடனில் தேர்தல் நடந்தால் ஓக்லண்டில் கரட் பிரிக்கிறவனுக்கு என்ன வந்தது என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துவிட்டது. என் கடவுச்சீட்டு சுவீடன் கடவுச்சீட்டு. என் மகள் பிறந்தது ஸ்ரொக்ஹோமில். ஒன்பது வருடம் அந்த நாட்டுக்கு வரி கட்டியிருக்கிறேன். இன்னும் என்ன வேண்டும்? எங்கேயோ நடக்கிற கிரிக்கெட்டுக்கு இவர்கள் விடிய எழும்பிக் குந்தியிருக்கலாம், நான் மட்டும் என் தேர்தலைப் பார்க்கக்கூடாதாம். நல்ல நியாயம்!

தொண்ணூற்று நான்காம் ஆண்டு செப்டெம்பரில் நடந்த அந்தத் தேர்தல் எனக்குப் பொழுதுபோக்கு அல்ல. நானும் மாகிரட்டும் மகளும் எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்பது அதன் முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

என் பெயர் நோபேட். குருநகர்க்காரன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நானும் மனைவி மாகிரட்டும் சுவீடனுக்குப் போனோம். அடுத்த வருடம் றோஷினி பிறந்தாள். எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே தொழிற்சங்கம் என்றால் சும்மா பெயருக்கு இல்லை. இரண்டு வருடத்தில் நான் கிளைக் கமிட்டியில் இருந்தேன், நான்கு வருடத்தில் கிளைச் செயலாளர். தேர்தல் வந்தால் ஊர்ச் சதுக்கத்தில் ஒவ்வொரு கட்சியும் ஒரு சின்ன மரக்குடில் போடும். சமூக ஜனநாயகக் கட்சியின் குடிலில் நின்று, வருகிறவர்களுக்குக் கோப்பியும் சிவப்பு ரோசாவும் கொடுத்து வாக்குக் கேட்டவன் நான். "நோபேட்டைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்று வெள்ளைக்காரர் சொல்வார்கள். அந்த வசனத்தை ஒரு மனுசன் மறப்பானா?

மாகிரட்டுக்கு அப்படி இல்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள், அங்கே பாஷைப் பரீட்சையில் தேறவில்லை என்று கந்தோர்களில் நிலம் துடைத்தாள். அவள் வாய் திறந்து முறையிட்டதில்லை. எனக்கும் மீட்டிங்குக்குப் போகவே நேரம் போதாது.

பிறகு தொண்ணூற்றோராம் ஆண்டுத் தேர்தல் வந்தது. எங்கள் கட்சி தோற்றது. வெளிநாட்டுக்காரர்களைக் குறைக்க வேண்டும் என்று கத்திய ஒரு புதுக் கட்சி நூற்றுக்கு ஏழு பேரின் வாக்கோடு பாராளுமன்றத்துக்குள் வந்தது. நான்கு வலதுசாரிக் கட்சிகள் கூட்டணி போட்டும் பெரும்பான்மை இல்லை. எதையாவது நிறைவேற்ற வேண்டுமென்றால் அந்தப் புதுக் கட்சியின் தயவு வேண்டும். தேர்தல் இரவில் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே அந்தக் கட்சிக்காரர் வந்து இருந்தவுடன், அந்த நான்கு கட்சிகளில் ஒன்றின் தலைவர் கதிரையை விட்டு எழும்பிப் போய்விட்டார். நான் கை தட்டினேன். "பாத்தீரே, அவன் மனுசன்!" என்றேன். மாகிரட் அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

"எழும்பிப் போனவர் நாளைக்கு அவையின்ரை வோட்டிலைதானே ஆட்சி நடத்தப்போறார்?" என்றாள்.

அவள் சொன்னபடிதான் நடந்தது.

அதே காலத்தில் ஒருவன் துப்பாக்கியோடு ஸ்ரொக்ஹோமில் திரிந்தான். கறுத்த தலைமயிர் உள்ளவர்களைப் பார்த்துப் பார்த்துச் சுட்டான். அவனுக்கும் கட்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதை நான் எத்தனையோ தரம் அவளுக்கு விளக்கினேன். மாகிரட் கேட்டால்தானே. அவள் வேலை முடித்து ரயிலால் இறங்கி, பைன் மரங்களுக்கு நடுவால் வீட்டுக்கு நடந்து வரவேண்டும். கம்பளித் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு வருவாள். ஏழு வயதுப் பிள்ளைக்கும் அப்படியே போட்டுவிடுவாள். பிள்ளை வியர்த்து ஒழுகும். கடைசியில் அவனைப் பொலிஸ் பிடித்தது. இனி என்ன பயம் என்று கேட்டேன்.

"அவனைப் பிடிச்சாச்சு. வோட்டுப் போட்டவையை ஆர் பிடிக்கிறது? ரயில் பெட்டிக்குள்ளை இருந்தால், இதிலை ஆர் ஆர் எண்டுதான் எனக்கு யோசனை. உந்தக் கட்சி பாராளுமன்றத்திலை இருக்கிறவரைக்கும் இந்த நாட்டிலை நான் பிள்ளை வளர்க்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுதான் எங்கள் வீட்டுக்கு அரசியல் யாப்பு.

நியூசிலாந்து அப்போதுதான் படிப்புக்கும் தொழிலுக்கும் புள்ளி போட்டு ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தது. தாதி என்றபடியால் மாகிரட்டின் பெயரில் விசா கிடைத்தது. தொண்ணூற்றிரண்டு முடிவில் வந்து ஓக்லண்டில் கிளென் ஈடன் பகுதியில் வீடு எடுத்தோம். மாகிரட் இங்கே ஒரே தடவையில் பரீட்சை பாஸ் பண்ணி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கார் ஓடப் பழகினாள். தலை முழுகி, ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, பின்னேரத்தில் தெருமூலை டெய்ரிக் கடைக்குப் பால் வாங்க நடந்து போவாள். போகிற வழியில் ஆரோடாவது நின்று கதைத்துவிட்டு வருவாள். இவளுக்கு இவ்வளவு கதை இருந்ததா என்று எனக்கே அதிசயம்.

எனக்குப் புக்கெகோஹியில் மரக்கறி பாக் பண்ணுகிற இடத்தில் வேலை. பெல்ட்டில் கரட் வரும். கோணல், வெடித்தது, முறிந்தது எல்லாம் பொறுக்கி எறியவேண்டும். சங்கம் இல்லை. மீட்டிங் இல்லை. என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கிறதில்லை. போர்மன் என்னை நோர்ம் என்று கூப்பிடுவான்.

என்னைத் தன் வான் வண்டியில் வேலைக்கு ஏற்றிப் போகிறவன் ஜெய் பிரகாஷ். பீஜிக்காரன், பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தென்னிந்தியக் குடும்பம். அங்கே தென்னிந்தியச் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை விடாமல் வைத்திருந்தான். போன வருடம்தான் இந்த நாட்டுக்காரர் வாக்கெடுப்பு வைத்துத் தேர்தல் முறையை மாற்றியிருந்தார்கள். இனித் தனிக் கட்சி ஆட்சி கஷ்டம், கூட்டணிதான் என்று ரேடியோவில் ஓயாத பேச்சு. நான் வானுக்குள்ளே அவனுக்குச் சுவீடன் கூட்டணியை வகுப்பு எடுத்தேன். பாவம், மோட்டர்வேயில் எங்கே இறங்கி ஓடுவான்?

"எங்க நாட்டுலயும் எண்பத்தேழுல கூட்டணிக்குத்தான் ஓட்டுப் போட்டோம் அண்ணே. ஒரு மாசம் ஆட்சி. அப்புறம் பட்டாளத்துக்காரன் துப்பாக்கியோட உள்ள வந்துட்டான்," என்றான் ஒருநாள். "நீங்க என்னடான்னா நல்லா இருக்கற நாட்டுலேர்ந்து தேர்தல் பாத்துட்டுச் சுவீடனுக்கே கிளம்பறேன்றீங்க. தங்கச்சி என்ன சொல்லுது?"

மாகிரட்டைத்தான் கேட்டான். அவள் என்ன சொல்லுவாள்? எல்லாம் யாப்புப்படிதான். அந்தப் புதுக் கட்சி அப்போது உள்ளுக்குள்ளே அடிபட்டுக்கொண்டிருந்தது. தலைவரே விட்டுவிட்டுப் போய்விட்டார். சுவீடனில் நூற்றுக்கு நான்கு வாக்கு எடுக்காத கட்சிக்குப் பாராளுமன்றத்தில் இடமில்லை. இவர்கள் இரண்டும் எடுக்கமாட்டார்கள் என்று ஸ்ரொக்ஹோமில் இருக்கிற என் கூட்டாளி சுந்தரம் போனில் சொன்னான். பழைய இல்லத்தில் எனக்கு வேலைக்கும் அவன் கதைத்து வைத்திருந்தான். அந்தக் கட்சி வெளியே போனால், நாங்கள் புறப்பட்டதற்கு இருந்த காரணமும் போகிறது. அவள் வாயால் சொன்னதுதானே?

இருந்தாலும் நான் ஜனநாயகவாதி. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து இடியப்பம் சாப்பிட்ட பிறகு, மேசையிலேயே வாக்கெடுப்பு வைத்தேன். நான் ஒரு கட்சி, மாகிரட் ஒரு கட்சி. பத்து வயது றோஷினி இரண்டு பக்கமும் சாயக்கூடிய சின்னக் கட்சி.

சின்னக் கட்சியின் கொழுப்பைக் கேளுங்கள்! முதலில் என்னோடு பேச்சுவார்த்தை. சுவீடன் போனால் பனிச்சறுக்குச் சப்பாத்தும் தனி அறையும் என்று ஒப்புக்கொண்டேன். அதை எடுத்துக்கொண்டு தாயிடம் போனாள். நாயைக் கண்டால் கதிரையில் ஏறுகிற மாகிரட், இங்கேயே இருந்தால் நாய்க்குட்டி வாங்கித் தருவதாகச் சொன்னாளாம். பிள்ளை திரும்பி வந்து மேசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது.

"ஐ அப்ஸ்டெய்ன்," என்றது. ஒருவருக்கும் வாக்கில்லையாம்.

நான் துள்ளி எழும்பினேன். "அப்ப நான் வெண்டிட்டன்!"

"உதென்ன கோதாரிக் கணக்கு? நீங்கள் ஓம், நான் இல்லை, பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை. எப்பிடி நீங்கள் வெண்டது?" என்றாள் மாகிரட்.

"சுவீடன் சட்டத்திலை பிரதமருக்குப் பெரும்பான்மை ஆதரவு தேவையில்லை. பெரும்பான்மை எதிர்க்காமல் இருந்தால் காணும். மூண்டு பேரிலை ரெண்டு பேர் எதிர்த்தால்தான் நான் விழுவன். பேசாமல் இருக்கிறவை எதிர்க்கேல்லை எண்டுதான் அர்த்தம்."

அவள் கோப்பைகளை அடுக்குவதை நிற்பாட்டினாள்.

"அப்ப ஒன்பது வருசமா நான் பேசாமல் இருந்ததையும் அப்பிடித்தான் எடுத்தனீங்களோ?"

எனக்குக் கோபம் வந்தது. கதையோடு கதையாக இதை ஏன் இழுக்கிறாள்? பிள்ளைக்கு முன்னால் என்ன பேச்சு இது? தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பிக் குசினிக்குள் போனேன். மாகிரட் பின்னாலேயே வந்தாள்.

"சரி, இஞ்சேருங்கோ. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். உந்தக் கட்சி வெளியிலை போனால், வாறன். வாய் திறக்கமாட்டன். ஆனால் அவை உள்ளை இருந்தால் நீங்கள் இனிச் சுவீடன் எண்ட கதை இந்த வீட்டிலை எடுக்கக்கூடாது. மடுமாதா மேலை சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். ஏன் பண்ணமாட்டேன்? வெல்லப்போகிற தேர்தல்.

நாங்கள் இரண்டு பேரும் சுவீடன் பிரசைகள், வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கலாம். நகரத்தில் ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் அதற்கு ஒழுங்கு செய்திருந்தார்கள். ஒரு மேசையில் கட்சிக்கு ஒரு கட்டாகச் சீட்டுகள். விரும்பியதை எடுத்துக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போய், உறைக்குள் வைத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை. அவளோ ஒவ்வொரு கட்டிலும் ஒன்று என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். போனவள் போனவள்தான். நான் வெளியே நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த சுவீடன் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வெளியே வந்தபோது அவள் முகம் கழுவின மாதிரி இருந்தது. "என்ன, உள்ளை பூசையே வைச்சனீர்?" என்று பகிடி விட்டேன். காரில் ஏறியதும் கேட்டேன், "ரோசாதானே?"

"வோட்டு இரகசியம் எண்டு எல்லாருக்கும் படிப்பிக்கிற ஆள் நீங்கள்தானே," என்றாள். வீடு வரும்வரை வேறு ஒன்றும் கதைக்கவில்லை. நான் அதையும் நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டேன். பாருங்கள், எனக்கு எவ்வளவு அரசியல் தெரியும் என்று.

அங்கே ஞாயிறு இரவு என்றால் எங்களுக்குத் திங்கள் காலை. நான் லீவு போட்டிருந்தேன். ஜெய் பிரகாஷ் வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனான். றோஷினி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். மாகிரட்டுக்குப் பின்னேர ட்யூட்டி, ஹோலில் நின்று வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சுந்தரம்தான். பின்னால் ஒரே ஆரவாரம்.

"வெண்டிட்டம் மச்சான்! நூற்றுக்கு நாற்பத்தைந்து! தனிப் பெரும்பான்மை இல்லை, ஆனால் எங்கடை ஆக்கள் தனியத்தான் ஆட்சி அமைப்பினம். மற்றவன் துலைஞ்சான். ஒண்டு தசம் ரெண்டு. முழுக்க வெளியிலை!"

நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. போனை வைத்துவிட்டு ஹோலுக்கு ஓடினேன். "மாகிரட்! வெளியிலை! அவங்கள் வெளியிலை!"

அவள் அயர்னை நிமிர்த்தி வைத்தாள்.

"அவைக்கு மொத்தம் எத்தினை பேர் போட்டிருப்பினம்?"

"ஆருக்குத் தெரியும், அறுபது எழுபதாயிரம் பேர் இருப்பாங்கள். நாசமாய்ப் போன சனம்."

"அதிலை ஒராள் நான்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதைவிட, விளங்கிக்கொள்ள மனம் வரவில்லை. என்ன சொல்கிறீர் என்று கேட்டேன். அவள் அதே சொல்லைத் திரும்பவும் சொன்னாள்.

"உமக்கு விசரே?" என்று பாய்ந்தேன். "எங்களைத் துரத்த வேணும் எண்டு நிண்ட ஆக்களுக்கோ? அவங்களுக்குப் பயந்தெல்லோ நீர் நாட்டை விட்டனீர்? எந்தக் கையாலை போட்டனீர்?"

"இந்தக் கையாலைதான்." அவள் குரல் உயரவில்லை. "அவை உள்ளை இருந்தால்தானே நான் இஞ்சை இருக்கலாம். எனக்கு வேறை வழி வைச்சனீங்களே? வீட்டிலை வோட்டு வைச்சு நீங்கள் வெண்டீங்கள். சத்தியமும் பண்ணியாச்சு. எனக்கெண்டு மிஞ்சினது அந்த ஒரு சீட்டுத்தான். அதை உறைக்குள்ளை வைச்சு ஒட்டேக்குள்ளை கை கூசிச்சுது. அழுதனான். ஆனாலும் போட்டனான்."

"கடவுளே, என்னட்டைச் சொல்லியிருக்கலாமே!"

"என்னெண்டு? எதிர்த்துக் கதைச்சால் விளக்கம் சொல்லுவீங்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் எண்டுவீங்கள்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அயர்னைத் திரும்ப எடுத்தாள். "பரவாயில்லை, நான் தோத்துப்போனன். சொன்ன சொல்லு மாறமாட்டன். இண்டைக்கே ஆஸ்பத்திரியிலை வேலையை விடுறன் எண்டு சொல்லிப்போட்டு வாறன். நீங்கள் டிக்கட்டுக்குப் பாருங்கோ. ஓம், வாறன்."

சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அழுகைச் சத்தம் கேட்குமோ என்று காது கொடுத்தேன். அலுமாரி திறக்கிற சத்தம்தான் கேட்டது. மேல்தட்டில் இருந்த பெட்டியை இறக்குகிறாள்.

நான் வெளியே போய்ப் படியில் குந்தினேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள் மேலா, அந்தக் கட்சி மேலா, யார் மேல் என்று தெரியவில்லை. அந்த நாட்டில் எத்தனை பேருக்கு நான் குனிந்து குனிந்து ரோசாப் பூக் கொடுத்தேன்! ஒரு வாக்கு மாறினாலும் போதும் என்று குளிரில் நின்றேன். என் வீட்டிலிருந்த ஒரு வாக்கு எங்கே போயிருக்கிறது! என் மனைவியை அந்தச் சீட்டை எடுக்கப் பண்ண அந்தக் கட்சிக்காரனால் முடியாது. அதைச் செய்தது நான்தான். அது எனக்கு வலித்தது.

எழும்பி உள்ளே போனேன். அவள் தலையை இறுக்கிப் பின்னிக் கொண்டை போட்டு, யூனிபோமோடு நின்றாள். கார்த் திறப்பைத் தேடினாள்.

"ஆஸ்பத்திரியிலை ஒண்டும் சொல்லவேண்டாம்," என்றேன்.

"ஏன்? இண்டைக்குச் சொன்னால்தான்..."

"சொல்லவேண்டாம் எண்டால் சொல்லவேண்டாம். அந்தப் பெட்டியை ஏன் இறக்கினனீர்? ஏத்தி வையும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பவில்லை. நம்பும்படி நான் எப்போது நடந்தேன்? பெட்டியை நானே தூக்கி மேல்தட்டில் வைத்தேன். ஏணி இல்லாமல் எட்டாது, கதிரையில் ஏறித்தான் வைத்தேன். கீழே இறங்கும்போது அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் சுந்தரத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். அவன் குரல் அடைத்துப் போயிருந்தது, கொண்டாட்டம் அப்படி.

"எப்ப வாறாய் சொல்லு, வேலைக்கு உன்ரை பேரைக் குடுக்கவேணும்."

"குடுக்காதை. நான் வரேல்லை."

"என்னடா இது? மாகிரட் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டாவே?"

"இல்லை. ஓம் எண்டுதான் சொன்னவ."

"ஓம் எண்டால் பேந்தென்ன?"

"அவ எப்பிடி ஓம் எண்டு சொன்னவ எண்டதை நீ கேக்கேல்லை சுந்தரம்," என்றேன்.

அவன் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். நான் போனை வைத்துவிட்டு, நாளைக்கு வேலைக்கு வருகிறேன், வழக்கம்போல வந்து ஏற்று என்று சொல்ல ஜெய் பிரகாஷுக்கு எடுத்தேன்.